பழைய வோல்வோ: சுங்கை சிப்புட்டில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டு வாசலில் மூன்று பழைய வோல்வோ கார்கள் நிற்கின்றன. 1988இன் 240, 1991இன் 740, 1996இன் 940. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றின் பானட்டைத் திறந்தால் போதும், தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள் மோட்டோவை நிறுத்திவிட்டு வந்து கேட்பார்கள். கோயில் திருவிழாவில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் சாப்பிடும்போதும் கேட்பார்கள். பத்துப் பதினைந்து வருடமாக ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அண்ணே, இந்தப் பழைய காடிய எதுக்கு வாங்குறீங்க? ஒரு மைவி வாங்கிட்டுப் போலாமே?

வீட்டில் ஒரே ஒரு கார்தான், தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும் என்றால் நம் நாட்டுச் சின்னக் கார் மைவியே வாங்குங்கள். இதை நான் மனதாரச் சொல்கிறேன். முப்பது வயதான காரை மட்டும் நம்பி ஒரு குடும்பம் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் ஒரு மைவி உண்டு.

நேரமும் ஆசையும் இருந்து, கையில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டினாலும் பரவாயில்லை என்று நினைப்பவருக்குத்தான் பழைய வோல்வோ. பானட்டைத் திறந்தால் என்ஜின் தெரியும். அதைச் சுற்றிக் கை போக இடம் இருக்கும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடரலாம். எங்களை மாதிரி சின்ன ஊர்க்காரர்களுக்கு அது பெரிய விஷயம்.

வோல்வோ எந்த நாட்டுக் காடி? இங்கயும் செஞ்சாங்களாமே?

ஸ்வீடன் நாட்டுக் கம்பெனி. கோத்தன்பர்க் நகரத்தில் முதல் கார் 1927 ஏப்ரல் 14 அன்று வெளிவந்தது. வோல்வோ என்றால் லத்தீனில் 'நான் உருள்கிறேன்' என்று பொருள். கார் பிரிவை 1999இல் ஃபோர்டு வாங்கியது, 2010இல் சீனாவின் ஜீலி வாங்கியது. நான் பேசுகிற கார்கள் எல்லாம் அதற்கு முந்தியவை.

இங்கேயும் செய்தார்கள் என்பது உண்மைதான். 1960களின் பிற்பகுதியிலிருந்தே ஷா ஆலாமில் வோல்வோ கார்களைப் பொருத்தும் தொழிற்சாலை இருக்கிறது. நம் தோட்டங்களில் துரைமார்களும் (நிர்வாகிகள்) பெரிய கிராணிமார்களும் (தலைமை எழுத்தர்கள்) வைத்திருந்த 240களில் பல அங்கே பொருத்தியவை. அந்தக் கார்கள் கைமாறிக் கைமாறி, சின்ன ஊர்களில் இன்றும் அங்கங்கே கிடைக்கின்றன.

240, 740, 940, 850ன்னு நம்பரா சொல்றீங்க. எல்லாம் ஒன்னுதானே?

இல்லை. 240 என்பது 1974இல் வந்து 1993வரை ஓடிய வரிசை. 28 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆரம்பத்தில் 244, 245 என்று எழுதியிருக்கும். முதல் எண் வரிசை, இரண்டாவது சிலிண்டர் எண்ணிக்கை, மூன்றாவது கதவு எண்ணிக்கை. 245 என்றால் பின்னால் நீண்ட வேகன். 740 என்பது 1984இல் வந்தது, உடம்பு முழுக்கப் பெட்டி மாதிரி நேர்கோடுகள். அதைத் திருத்தி 1990இல் 940 ஆக்கினார்கள், அது 1998வரை வந்தது. இந்த மூன்றும் பின்சக்கரத்தால் ஓடுபவை. நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் 'ரெட்பிளாக்' என்று நாங்கள் சொல்லும் என்ஜின்தான் இருக்கும். பிளாக்குக்குச் சிவப்பு வர்ணம் அடித்திருப்பார்கள், அதனால் அந்தப் பெயர்.

850 வேறு சாதி. 1991இல் வந்தது, ஐந்து சிலிண்டர், முன்சக்கரத்தால் ஓடும். ஓட்டுவதற்கு அருமையான கார். ஆனால் என்ஜினைக் குறுக்காக வைத்திருப்பதால் கை போக இடம் குறைவு. முதல் முறை வாங்குகிறவருக்கு நான் 940 சொல்வேன். வயது குறைவு, சாமானும் கிடைக்கிறது. 240தான் வேண்டும் என்று மனசு கேட்டால் 1988 அல்லது அதற்குப் பிந்தியதாகப் பாருங்கள். காரணம் கொஞ்சம் கீழே வருகிறது.

எவ்வளவு காசு எடுத்து வைக்கணும்?

என் 740ஐ 4,500 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். ஓடுகிற நிலையில் இருக்கும் வண்டிக்கு இன்று அதைவிடக் கூடத்தான் கேட்பார்கள். 240 வேகன் என்றால் இன்னும் கூடும். எவ்வளவு கொடுத்து வாங்கினாலும், அதே அளவு தொகையை முதல் வருடச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள். 8,000 வெள்ளி இருந்தால் 4,000க்கு வண்டி பாருங்கள். முழுப் பணத்தையும் வண்டிக்குக் கொடுத்துவிட்டு, ரேடியேட்டர் மாற்றக் காசில்லாமல் ஆறு மாதத்தில் விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வயது வண்டிக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்சூரன்ஸும் பல கம்பெனிகளில் தெர்ட் பார்ட்டி மட்டும்தான் தருவார்கள். வாங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட் டெக்ஸ் தாங்குமா?

தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1,800 சிசிக்கு மேல் 2,000 வரை 280 வெள்ளி, அதோடு 1,800ஐத் தாண்டும் ஒவ்வொரு சிசிக்கும் 50 சென். 2,000க்கு மேல் 2,500 வரை 380 வெள்ளி, அதோடு தாண்டும் ஒவ்வொரு சிசிக்கும் 1 வெள்ளி. ஆக 1,986 சிசி வண்டிக்கு 373 வெள்ளி, 2,316 சிசி வண்டிக்கு 696 வெள்ளி. 1.3 மைவிக்கு 70 வெள்ளிதான். வருடத்துக்கு ஒரு முறை கட்டுவதுதானே, கணக்குத் தெரிந்து வாங்குங்கள்.

பார்க்கப் போறப்போ எத பார்க்கணும்? எனக்கு என்ஜின் பத்தி ஒன்னும் தெரியாது.

முதலில், என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். "ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைக்காதீங்க அண்ணே" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். ஆறிய என்ஜின்தான் உண்மை பேசும்.

240 என்றால் அடுத்து வயர். ஏறத்தாழ 1980இலிருந்து 1987வரை செய்த வண்டிகளில் என்ஜின் பக்கத்து வயர்களின் மேலுறை நாளாக ஆகக் காய்ந்து உதிர்ந்துவிடும். உலகம் முழுக்கத் தெரிந்த குறை இது. ஒரு வயரை லேசாக வளைத்துப் பாருங்கள். உறை பிஸ்கட் மாதிரி நொறுங்கினால், முழு வயர் கட்டையும் மாற்ற வேண்டும். 1988 அல்லது அதற்குப் பிந்தியதைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பிறகு தரை விரிப்பைத் தூக்குங்கள். நம் ஊர் மழைக்குக் கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி, விரிப்புக்குக் கீழே மாதக்கணக்கில் நிற்கும். மேலே பளபளவென்று வர்ணம், கீழே தகடு முறுக்கு மாதிரி. ஸ்பேர் டயர் வைக்கும் குழியையும் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஊருக்குள் சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். கோலா கங்சார் போகும் பழைய சாலையில் ஏறி 90க்குக் கொண்டுபோங்கள். ஆட்டோ கியரில் நான்காவது விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் கியர்பாக்ஸ் போச்சு என்று பயப்பட வேண்டாம், பல நேரம் ஓவர்டிரைவ் ரிலேதான் (நான்காவது கியருக்கான சின்ன மின் சுவிட்ச்). ஆனால் விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, கெரானில் (வண்டிப் பதிவுத் தாள்) உள்ள சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பெயர் மாற்றத்துக்கு புஸ்பகோம் என்ற வாகனச் சோதனை நிலையத்தில் நடக்கும் சோதனையில் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எண்ணெய் ஒழுகுது. பழைய காடின்னா ஒழுகத்தான் செய்யும்னு ஃபோர்மன் சொல்றாரு. சரியா?

சரியில்லை. எனக்கும் ஒரு ஃபோர்மன் (மெக்கானிக்) இதையேதான் சொன்னார். என்ஜினின் பின்பக்க சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) மாற்ற 900 வெள்ளி வாங்கினார், நான்கு மாதத்தில் திரும்ப ஒழுகியது. சீல் கெட்டதற்கான காரணத்தை யாரும் தேடவில்லை.

ரெட்பிளாக் என்ஜினில், இன்டேக் மேனிஃபோல்டுக்குக் (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) கீழே பிளாக்கின் பக்கத்தில் ஒரு கருப்புப் பெட்டி இருக்கும். என்ஜினுக்குள் சேரும் புகை அதன் வழியாகத்தான் வெளியேறும். அந்த வழியில் ஒரு நாணயம் அளவு, சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. ஃபிளேம் டிராப் என்று பெயர். அது கரி பிடித்து அடைத்துக்கொண்டால் புகை போக இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும், எண்ணெயை சீல் வழியாகத் தள்ளும். புது சீல் போட்டாலும் தள்ளும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். தே தாரிக் கட்டித் தரும் பிளாஸ்டிக் பை ஒன்று எடுங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயை பையால் மூடிப் பிடியுங்கள். பை உள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. பலூன் மாதிரி உப்பினால் அடைத்திருக்கிறது. நான் என் 240இல் அந்தத் துண்டைக் கழற்றியபோது ஓட்டை ஒன்றுகூடத் தெரியவில்லை, தார் உருண்டை மாதிரி இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்ததும் ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திரும்பப் பொருத்தி பையை வைத்தேன், உள்ளே இழுத்தது. சீலை இன்னொரு முறை மாற்றிய பிறகு இன்றுவரை சிமெண்டுத் தரையில் ஒரு சொட்டு இல்லை.

மத்தியானம் ஸ்டார்ட் ஆகல. சாயங்காலம் போய் சாவியத் திருப்புனா ஆகுது. பேய் மாதிரி இருக்கு.

740, 940 இரண்டிலும் இது வரும். பெட்ரோல் பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே ஒன்று இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் ஈயப் பற்றுகள் முப்பது வருட வெயிலில் விரிந்து சுருங்கி வெடித்திருக்கும். சூட்டில் வெடிப்பு விலகும், மின்சாரம் போகாது. ஆறினால் ஒட்டிக்கொள்ளும், வண்டி கிளம்பும். ஸ்டார்ட் அடிக்கும்போது பின்சீட்டில் ஒருவரை உட்கார வைத்து பம்ப் சத்தம் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். சத்தமே இல்லையென்றால் முதல் சந்தேகம் ரிலே மேல்தான்.

ஆஷ்டிரேயைக் கழற்றினால் பின்னால் ஃபியூஸ், ரிலே வரிசை தெரியும். ரிலேயை இழுத்து எடுத்து, மேல்கூட்டைத் திறந்து, பலகையைக் கண்ணுக்குக் கிட்டே வையுங்கள். ஈயப் புள்ளியைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வட்டம் இருந்தால் அதுதான் வெடிப்பு. ரேடியோ ரிப்பேர் தெரிந்த யாராவது ஈயம் வைத்துக் கொடுத்தால் முடிந்தது. புது ரிலே வாங்க முடிந்தால் வாங்குங்கள், பழையதைப் பற்ற வைத்து டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

டவுன்ல உள்ள ஃபோர்மன் தெர்மோஸ்டாட்ட கழட்டிடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லங்கிறாரு.

கழற்றாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு, குளிர் நாட்டுக்காக வைத்த சாமான் இல்லை. ரெட்பிளாக்குக்கு 87 அல்லது 92 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுவார்கள், என்ஜின் அந்தச் சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். கழற்றிவிட்டால் என்ஜின் சூடேற நெடுநேரம் ஆகும். இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் 'இன்னும் ஆறித்தான் இருக்கிறது' என்று நினைத்து பெட்ரோலைக் கூட்டிவிடும். பெட்ரோல் செலவு ஏறும், எண்ணெயில் பெட்ரோல் கலக்கும்.

வண்டி சூடாகிறது என்றால் சூடாவதற்குக் காரணம் இருக்கிறது. ரேடியேட்டர் அடைப்பு, காற்றாடி கிளட்ச், விரிசல் விட்ட தண்ணீர் டாங்கி, கூலண்டுக்குப் பதில் வெறும் குழாய்த் தண்ணீர். அவற்றைப் பாருங்கள். என் கண் முன்னால் நல்ல என்ஜின் ஒன்று ஹெட் வளைந்து, பழைய வண்டிகளை வெட்டி விற்கும் பொத்தோங் கடைக்குப் போனது. 40 வெள்ளி டாங்கியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள். இதில் மட்டும் தள்ளிப் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

டைமிங் பெல்ட் அறுந்தா என்ஜின் காலின்னு சொல்றாங்களே?

எட்டு வால்வு ரெட்பிளாக்கில் அறுந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். வால்வும் பிஸ்டனும் மோதாது. புது பெல்ட் மாட்டி ஓட்டலாம். பதினாறு வால்வு வகையிலும் 850இலும் மோதும், பெரிய செலவு. எதுவாக இருந்தாலும் 80,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள். எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டி என்றால் வாங்கிய வாரமே.

சாமான் கிடைக்குமா? சுங்கை சிப்புட்ல வோல்வோ சாமான் யார் விக்கிறா?

இங்கே யாரும் இல்லை. ஃபில்டர், பிளக், பெல்ட் மாதிரி அடிக்கடி மாற்றுபவை ஈப்போவில் சொல்லி வைத்தால் வரும். கண்ணாடி, கதவுப் பிடி, சீட்டு, மீட்டர் போன்றவற்றுக்குப் பொத்தோங் கடைதான். மற்றதெல்லாம் ஆன்லைனில். வோல்வோ சென்சார் பலவும் போஷ் தயாரிப்பு, ஆட்டோ கியர்பாக்ஸ் பலவும் ஜப்பானின் ஐசின் வார்னர் தயாரிப்பு. அதனால் சாமானின் மேலே உள்ள நம்பரைப் படம் எடுத்துத் தேடினால் பாதி வேலை முடிந்தது.

நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். தண்ணீர்க் குழாய், தெர்மோஸ்டாட், ரிலே, ஃபிளேம் டிராப் நான்கும் எப்போதும் வீட்டில் ஒவ்வொன்று இருக்கும். ரப்பர் சாமானை மட்டும் பொத்தோங் கடையில் வாங்காதீர்கள். அதுவும் உங்கள் வண்டி வயதுதான்.

சேஃப்டி சேஃப்டின்னு சொல்றீங்க. ஏர்பேக் இல்லாத காடி என்ன சேஃப்டி?

கேட்க வேண்டிய கேள்வி. இன்று எல்லாக் காரிலும் இருக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை 1959இல் உருவாக்கியவர் வோல்வோ பொறியாளர் நில்ஸ் போலின். அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். எத்தனை உயிர்கள் அதனால் பிழைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும். 240 வந்த காலத்தில் அதைவிடப் பாதுகாப்பான கார்கள் அதிகம் இல்லை.

ஆனால் அது அந்தக் காலம். ஏர்பேக்கும், சறுக்காமல் பிடிக்கும் மின்னணு வசதிகளும் உள்ள இன்றைய நல்ல கார் விபத்தில் உங்களை இன்னும் நன்றாகக் காப்பாற்றும். இரும்பு தடிமன் என்பதால் பழையதுதான் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏபிஎஸ் இல்லாத 240இல் மழையில் செம்பனை லாரிக்குப் பின்னால் போகும்போது நான் இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறேன். பின்சீட்டு பெல்ட் 2009இலிருந்து நம் நாட்டில் கட்டாயம். பெல்ட் வேலை செய்யாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஜப்பான் என்ஜின் போட்ட வோல்வோ ஒன்னு மலிவா வருது, வாங்கலாமா?

கெரானைப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள். மாற்றிய என்ஜினின் நம்பரும் சிசியும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே சொன்ன புஸ்பகோம் சோதனையில் நிற்கும், பெயர் மாறாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிடும். 'பிறகு பார்த்துக்கலாம்' என்று விற்கிறவர் சொன்னால் வந்துவிடுங்கள். பதிவு சுத்தமாக இருந்தால் அது உங்கள் விருப்பம். எனக்கு ரெட்பிளாக் போன வோல்வோவில் மனம் ஒட்டவில்லை.

ஒன்னு வாங்குனீங்க. இப்ப மூனு நிக்குது. எப்படி இப்படி ஆனீங்க?

திட்டம் போட்டு ஆகவில்லை. சின்ன வயதில் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி ஐயாவிடம் ஒரு 240 இருந்தது. சனிக்கிழமை அதைக் கழுவினால் 50 சென் கொடுப்பார். அந்தக் கதவைச் சாத்தும்போது வரும் கனமான சத்தம் எனக்குப் பிடிக்கும் என்பதோடு சரி, கார் ஆசை எல்லாம் அப்போது இல்லை. 2010இல் அம்மாவுக்கு முழங்கால் வலி. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து எழ முடியவில்லை. யாரோ ஒரு 240 விற்கிறார் என்று கேள்விப்பட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா ஏறி உட்கார்ந்தார், இறங்கினார், "இது நாற்காலி மாதிரி இருக்குய்யா" என்றார். அன்றே வாங்கினேன்.

முதல் வருடம் அது அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் கார், அவ்வளவுதான். அந்த எண்ணெய் ஒழுகலை நானே நிறுத்திய நாளில்தான் ஏதோ மாறியது. அடுத்த வாரம் வேறு எதைச் சரி செய்யலாம் என்று தேட ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் காது பழகியது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்று ஏதோ சத்தம் வேறு என்று தெரிந்துவிடும். அப்புறம் சாலையில் எதிரே வருகிற வோல்வோக்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. லிந்தாங் பக்கம் ஒரு வெள்ளை 940 வரும், ஓட்டுகிற சீனப் பெரியவர் விளக்கைச் சிமிட்டுவார், நானும் சிமிட்டுவேன். இரண்டு வருடம் இப்படியே போனது. ஒரு நாள் என் வீட்டைத் தேடி வந்து, கண் மங்கிவிட்டது, இனி ஓட்ட முடியாது, நீ எடுத்துக்கொள் என்றார். அந்த 940தான் இப்போது வாசலில் நிற்பது. 740 பொத்தோங் கடை வாசலில் பார்த்தது. நாளைக்கு வெட்டப் போகிறோம் என்றார்கள், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா காடி ஒன்னு, 740, பத்து வருஷமா கொட்டகையில நிக்குது. அப்பா தவறிட்டாரு. பொத்தோங்குக்குக் குடுத்துடலாமா?

கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுங்கள். கெரான் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும். வாரிசுப் பெயர் மாற்றத்துக்கு என்ன தாள்கள் வேண்டும், சாலை வரி இத்தனை வருடம் விட்டுப்போனதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஜேபிஜேயில் முதலில் கேட்டு வையுங்கள். சாவியை மட்டும் திருப்பிப் பார்க்காதீர்கள். செம்பனைத் தோட்டத்துப் பக்கம் என்றால் எலி கட்டாயம் உள்ளே கூடு கட்டியிருக்கும், காற்று ஃபில்டர் பெட்டியையும் வயர்களையும் திறந்து பார்க்க வேண்டும். டாங்கியில் உள்ள பழைய பெட்ரோலை இறக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விட்டு, மறுநாள் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே என்ஜினைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினால் அது உயிரோடு இருக்கிறது. பிரேக்கைப் பார்த்து முடிக்கும்வரை கொட்டகையை விட்டு நகர்த்தாதீர்கள். நான் பேட்டரியும் டூல்ஸும் எடுத்து வருகிறேன், நீங்கள் கெரானைத் தேடி வையுங்கள்.